பாதிக்கப்பட்டவர் எங்கே உட்கார்வது? உடுமலை சங்கர் வழக்கை வைத்து ஒரு குறிப்பு

உடுமலைப்பேட்டை சங்கர் கொலை வழக்கைப் பற்றி நிறையப் பேர் எழுதியாச்சு. சாதியைப் பற்றி, அந்த சிசிடிவி காட்சியைப் பற்றி, தூக்குத் தண்டனை சரியா தப்பா என்பதைப் பற்றி. நான் இங்கே வேறு ஒரு கேள்வியோட அந்த வழக்கைப் படிக்கப் பார்க்கிறேன். இந்தியக் குற்றவியல் நடைமுறையில் பாதிக்கப்பட்டவருக்கு என்ன இடம்? கணவனைப் பறிகொடுத்து, தானும் தலையில் வெட்டு வாங்கி, உயிர் தப்பிய பெண்ணுக்கு நீதிமன்றத்துக்குள் எங்கே நாற்காலி போட்டார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், நம்ம சட்டத்தின் நல்ல பகுதியும் ஓட்டைப் பகுதியும் ஒரே வழக்கில் கிடைக்குது.

முதலில் விவரம். சங்கர் உடுமலை பக்கம் குமரலிங்கத்துக்காரர், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், பொறியியல் மாணவர். கௌசல்யா பழனி, முக்குலத்தோர் குடும்பம். பொள்ளாச்சியில் படிக்கும்போது பழக்கம், 2015 ஜூலையில் கல்யாணம். எட்டு மாசம் கழித்து, 2016 மார்ச் 13, ஞாயித்துக்கிழமை மத்தியானம், உடுமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நட்ட நடு ரோட்டில் வெட்டினார்கள். சங்கர் இறந்தார், கௌசல்யா பிழைத்தார். காங்கேயத்தில் இருந்து தாராபுரம் வழியா ரெண்டு மணி நேர பஸ் பயணம்தான் அந்த இடம். அந்த வீடியோ அன்னைக்கு ராத்திரியே எல்லார் போனிலும் இருந்தது. பார்த்துட்டு ஃபார்வர்ட் பண்ணினவர்கள் எத்தனை பேர், அது யாருடைய சாவு என்று யோசித்தவர்கள் எத்தனை பேர் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

திருப்பூர் முதன்மை மாவட்ட அமர்வு நீதிமன்றம் 2017 டிசம்பர் 12ல் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 11 பேரில் கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு, ஒருவருக்கு ஆயுள், இன்னொருவருக்கு ஐந்து வருஷம். தாய், தாய்மாமன் உட்பட மூன்று பேர் விடுதலை. கொலை நடந்து 21 மாசத்தில் தீர்ப்பு என்பது நம்ம ஊர்க் கணக்கில் மின்னல் வேகம். பிறகு 2020 ஜூன் 22ல் சென்னை உயர் நீதிமன்றம், சதிக் குற்றச்சாட்டு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று தந்தையை விடுதலை செய்தது. நேரடியாக வெட்டியதாக நிரூபணமான ஐந்து பேருக்குத் தூக்கை ஆயுளாக மாற்றி, 25 வருஷத்துக்குத் தண்டனைக் குறைப்பு கிடையாது என்றது. தாயும் மற்றவர்களும் விடுதலையானதை எதிர்த்த மேல்முறையீடும் தள்ளுபடி. இதை எதிர்த்து மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

தந்தையை விடுவித்தது சரியா தப்பா என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. சதியை நிரூபிப்பது கஷ்டம், சந்தேகம் இருந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான். இந்த விதியைக் காலி பண்ணினால் நாளைக்கு நீங்களோ நானோ கூண்டில் நிற்கும்போது நமக்கு ஒண்ணும் மிஞ்சாது. பாதிக்கப்பட்டவர் உரிமை என்று பேச ஆரம்பித்தால் பலபேர் உடனே "குற்றவாளிக்கு எதுக்கு மனித உரிமை" என்ற பக்கம் போயிடறாங்க. அது வேற பஸ், நான் அதில் ஏறலை. குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையில் ஒரு இம்மி குறைக்காமலே பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டியது நிறைய இருக்கு. எது கொடுத்திருக்கிறார்கள், எது கொடுக்கலை என்பதுதான் இங்கே என் விஷயம்.

செஷன்ஸ் கோர்ட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும். மேலே நீதிபதி, கீழே பெஞ்ச் கிளார்க், ஒரு பக்கம் அரசு வக்கீல், எதிர்ப்பக்கம் எதிரித் தரப்பு வக்கீல், குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கூண்டு, சாட்சிக்கு ஒரு கூண்டு. பாதிக்கப்பட்டவருக்குத் தனியா எதுவும் இல்லை. அவர் சாட்சியாகக் கூப்பிட்டால் ஏறணும், சொல்லி முடித்ததும் இறங்கணும். அதுக்கு முன்னும் பின்னும் வராந்தா. வழக்கின் பெயரிலேயே அவர் இல்லை, "அரசு எதிர் இன்னார்" என்றுதான் இருக்கும். குற்றம் என்பது தனி மனிதருக்கு எதிரானது மட்டுமில்லை, சமூகத்துக்கே எதிரானது, அதனால் அரசே வழக்கு நடத்தும் என்பது இதன் தத்துவம். தத்துவம் மோசமில்லை. பழிக்குப் பழியை நிறுத்தியதும், பணம் கொடுத்து ஊர்ப் பஞ்சாயத்தில் கொலையை முடித்துக்கொள்ளும் வழக்கத்தைத் தடுத்ததும் அதுதான். ஆனால் அந்த ஏற்பாட்டில், யாருக்கு அடிபட்டதோ அவர் வெறும் தகவல் கொடுத்தவர் ஆகிவிட்டார்.

எங்க தொழிலில் இதுக்கு ஒரு உவமை உண்டு. வாடிக்கையாளர் ஒரு பிழையைக் கண்டுபிடித்து டிக்கெட் போடுவார். அதுக்கு ஒரு எண் கிடைக்கும். அதோட சரி. யார் பார்க்கறாங்க, எப்ப முடியும், ஏன் மூடினாங்க, எதுவும் அவருக்குத் தெரியாது. எஃப்.ஐ.ஆர். என்பது ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது. ஒரு முறை எங்க தெருவில் ஒரு வண்டி திருடு போய், நானும் துணைக்குப் போனேன். மூன்று மாசம் கழித்து ஸ்டேஷனில் விசாரித்தால், "நாங்களே கூப்பிடறோம் சார்" என்றார்கள். இன்னும் கூப்பிடலை. வண்டிக்கே அப்படி.

1985ல் ஐ.நா. பொதுச்சபை, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நீதிக் கோட்பாடுகள் என்று ஒரு பிரகடனம் போட்டது. மரியாதையோடு நடத்துவது, தகவல் சொல்வது, அவர் கருத்தைக் கேட்பது, இழப்பீடு தருவது என்பதெல்லாம் அதில் இருக்கு. நம்ம ஊரில் அது சட்டத்துக்குள் வர 24 வருஷம் ஆச்சு. 2008ல் நிறைவேறிய திருத்தம் 2009 டிசம்பர் 31ல் நடைமுறைக்கு வந்தபோதுதான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் "பாதிக்கப்பட்டவர்" என்பதற்கு முதல் தடவையா விளக்கம் எழுதினார்கள். அதுக்கு முன்னாடி அந்த ஆளே சட்டத்தில் கிடையாது! அந்தத் திருத்தம் மூன்று விஷயம் கொடுத்தது. அரசு வக்கீலுக்குத் துணையாகத் தனக்கென ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலோ, குறைந்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதாவிட்டாலோ 372ஆம் பிரிவின் விதிவிலக்குப்படி மேல்முறையீடு செய்யலாம். 357ஏ பிரிவின்படி மாநில அரசு இழப்பீட்டுத் திட்டம் போடணும், குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த "துணை வக்கீல்" என்ன செய்யலாம் என்று பார்த்தால் சுருதி இறங்கிடும். 2019ல் ரேகா முரார்கா வழக்கில் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவரின் வக்கீல் நேரடியாகக் குறுக்கு விசாரணை செய்யவோ வாய்மொழியாக வாதாடவோ உரிமை கோர முடியாது என்று சொல்லிவிட்டது. கேட்க வேண்டிய கேள்வி இருந்தால் அரசு வக்கீலிடம் சொல்லலாம், அவர் கேட்பார். அவர் கேட்காமல் விட்டால், நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். அதாவது துண்டுச் சீட்டு எழுதி முன்னாடி பாஸ் பண்ற உரிமை. வாதம் புரியுது. எதிரித் தரப்புக்கு எதிராக ரெண்டு வக்கீல் நிற்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது, அரசு வக்கீல் நடுநிலை தவறக் கூடாது என்கிறார்கள். ஆனால் அரசு வக்கீல் தூங்கினால் என்ன செய்வது என்பதற்கு இதில் பதில் இல்லை.

சங்கர் வழக்கு இங்கேதான் வித்தியாசப்படுது. காரணம் ஒரு தேதி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் 2016 ஜனவரி 26ல் நடைமுறைக்கு வந்தது. சங்கர் வெட்டப்பட்டது அதற்கு 47 நாள் கழித்து. அந்தத் திருத்தத்தில் 15ஏ என்று ஒரு புதுப் பிரிவு. என் கணக்கில் இந்தியச் சட்டப் புத்தகத்தில் பாதிக்கப்பட்டவருக்காக எழுதப்பட்ட மிகச் சிறந்த பிரிவு அதுதான். ஜாமீன் உட்பட எந்த நடவடிக்கையாக இருந்தாலும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கணும். ஜாமீன், விடுவிப்பு, பரோல், தண்டனை என்று ஒவ்வொரு கட்டத்திலும் அவர் பேசலாம், எழுத்து மூலமாகவும் வாதம் கொடுக்கலாம். பாதுகாப்பு, போக்குவரத்துச் செலவு, தேவைப்பட்டால் இடம் மாற்றிக் குடியமர்த்துவது எல்லாம் அரசின் பொறுப்பு. நடவடிக்கைகளை வீடியோ பதிவு செய்யணும். பக்கத்துச் சட்டத்தில் துண்டுச் சீட்டு, இங்கே முழு நாற்காலி.

கௌசல்யா அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தன் பெற்றோர் உட்பட குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஜாமீன் கேட்ட ஒவ்வொரு தடவையும் கோர்ட்டுக்குப் போய் எதிர்ப்புத் தெரிவித்தார். ஐம்பது தடவைக்கு மேல் என்று அப்போதே செய்திகளில் வந்தது. கொலை நடந்தபோது அவருக்கு வயசு 19. நம்ம வீட்டில் அந்த வயசுப் பிள்ளையை பேங்க்குக்குத் தனியா அனுப்பவே யோசிக்கிறோம். பத்திரிகைகள் இதைத் "துணிச்சல்" என்று எழுதின. துணிச்சல்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனால் துணிச்சல் என்று மட்டும் எழுதினால் பாதி விஷயம் மறைஞ்சிடும். மூன்று மாசம் முன்னாடி இதே கொலை நடந்திருந்தால், எப்போ ஜாமீன் மனு வருது என்று அவருக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இருந்திருக்காது. மனு வந்து, ஜாமீன் கிடைத்து, ஆள் வெளியே வந்த பிறகு, வீட்டு வாசலில் பார்த்துத்தான் தெரிந்திருக்கும். ஒருத்தர் துணிச்சலா இருக்க முடிவது, சட்டம் அவருக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பதைப் பொறுத்தது.

அந்தக் கதவு எல்லா இடத்திலும் தானா திறக்கலை. ராஜஸ்தானில் இருந்து போன ஒரு கொலை வழக்கில், 15ஏ-ப்படி அறிவிப்புக் கொடுக்காமலே உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிட்டது. 2021ல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அறிவிப்புக் கட்டாயம் என்று சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் வந்து ஐந்து வருஷம் கழித்தும் உயர் நீதிமன்றமே மறந்திருக்குன்னா, கீழே என்ன நிலைமை என்று பார்த்துக்குங்க. பிறகு 2022 ஏப்ரலில், லக்கிம்பூர் கேரியில் விவசாயிகள் மீது வண்டி ஏற்றிய வழக்கில், விசாரணைக் கட்டத்திலிருந்து மேல்முறையீடு வரை பாதிக்கப்பட்டவருக்குப் பங்கேற்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் பொதுவாகவே சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்ப்பில் சொன்ன உரிமை ஒன்று, சட்டத்தில் வரிசையாக எழுதி, "இது அரசின் கடமை" என்று பெயர் போட்ட உரிமை வேறொன்று. முதலாவதை வக்கீல் வைத்து ஞாபகப்படுத்தினால்தான் கிடைக்கும்.

இனி அரசு வக்கீல் விஷயம். இதுக்கு சங்கர் வழக்கை விட கோகுல்ராஜ் வழக்கு தெளிவு. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜைக் கடத்திக்கொண்டு போய்க் கொன்று, பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் போட்ட வழக்கு. முக்கியக் குற்றவாளி யுவராஜ், தீரன் சின்னமலை பெயரில் ஒரு அமைப்பு நடத்தியவர். நம்ம காங்கேயம் பக்கத்து மேலப்பாளையத்தில் பிறந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்டவர் பேர் இதுக்கெல்லாம் பயன்படுது. தலைமறைவாக இருந்தபோது அந்த ஆள் வாட்ஸப்பில் ஆடியோ விட்டுக்கொண்டிருந்ததும், அதைப் பெருமையா ஃபார்வர்ட் பண்ணியவர்கள் நம்ம வட்டாரத்திலேயே இருந்ததும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது.

அந்த வழக்கு நாமக்கல்லில் நடந்தபோது சாட்சிகள் வரிசையாகப் பிறழ ஆரம்பித்தார்கள். அன்னைக்குக் கோயிலில் கூட இருந்த பெண்ணே மாற்றிச் சொன்னார். கோகுல்ராஜின் தாய் சும்மா இருக்கலை. வழக்கை வேற ஊருக்கு மாற்றணும், நான் நம்புகிற வக்கீலை அரசு வக்கீலாகப் போடணும் என்று உயர் நீதிமன்றத்தில் போராடி வாங்கினார். வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அனுபவமுள்ள வக்கீலை அமர்த்தலாம் என்று ஒரு வரி இருக்கு. பெரும்பாலும் தூசி படிஞ்சு கிடக்கும் வரி அது. அந்த வரியால் பவானி வக்கீல் ப.பா.மோகன் சிறப்பு அரசு வக்கீலாக வந்தார், வழக்கு மதுரைக்குப் போனது. 2022 மார்ச் 8ல் யுவராஜ் உட்பட பத்து பேருக்கு ஆயுள். 2023 ஜூன் 2ல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் என்.ஆனந்த் வெங்கடேஷும் அந்தக் கோயிலுக்கும் தண்டவாளத்துக்கும் நேரில் போய்ப் பார்த்தார்கள் என்பது எனக்குப் பிடித்த தகவல்.

கொலைக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஆறு வருஷம் எட்டு மாசம். வழக்கு ஓடிய விதத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியுது. அந்தத் தாய் இல்லாவிட்டால் வழக்கு நாமக்கல்லிலேயே படுத்திருக்கும். ஆனால் எத்தனை தாய்மார்கள் அப்படி ஆறு வருஷம் கோர்ட் கோர்ட்டாக அலைய முடியும்? திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் ஒருத்தர் ஒரு வாய்தாவுக்குப் போனால் அன்னைக்குச் சம்பளம் போச்சு. பீஸ் ரேட்டில் வேலை செய்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். தன் விருப்பப்படி வக்கீல் கேட்கலாம் என்பதையாவது புகார் கொடுத்த அன்னைக்கே எழுத்தில் சொல்லணும். உரிமை இருக்கு என்பதே தெரியாதவருக்கு அந்த உரிமை இருந்து என்ன புண்ணியம்.

ஜெர்மனியில் கடுமையான குற்றங்களில் பாதிக்கப்பட்டவரோ இறந்தவரின் குடும்பமோ அரசுத் தரப்புக்குப் பக்கத்தில் துணை வாதியாக உட்காரலாம். சொந்த வக்கீல், கோப்பைப் பார்க்கும் உரிமை, சாட்சியிடம் கேள்வி கேட்கும் உரிமை எல்லாம் உண்டு. 2013 முதல் 2018 வரை மியூனிக்கில் நடந்த நியோ நாஜிக் கொலை வழக்கில், கொல்லப்பட்ட துருக்கிக் குடும்பங்கள் அப்படித்தான் உட்கார்ந்தன. வருஷக்கணக்கில் போலீஸ் அந்தக் குடும்பங்களையே சந்தேகப்பட்டிருந்தது. நீதிமன்றத்தில் அதைப் பற்றிக் கேள்வி கேட்டது அவர்களுடைய வக்கீல்கள். பிரான்சிலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. அங்கெல்லாம் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை செத்துப் போகலை. அதனால் "ரெண்டு வக்கீல் வந்தால் நியாயம் கெட்டுவிடும்" என்கிற நம்ம ஊர்ப் பயம் கொஞ்சம் அதிகப்படி என்றுதான் நான் நினைக்கிறேன்.

சங்கர் வழக்கின் இன்னொரு முனைக்கு வருவோம், மேல்முறையீடு. 2017ல் திருப்பூர் நீதிமன்றம் மூன்று பேரை விடுவித்தபோது, அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக பாதிக்கப்பட்டவருக்கு 372ஆம் பிரிவில் நேரடி உரிமை இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று 2018ல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கிவிட்டது. ஆனால் 2020ல் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்ததும் நிலைமை மாறுது. அங்கிருந்து மேலே போக அவருக்கு உரிமையாக எதுவும் இல்லை. அரசமைப்பின் 136ஆம் பிரிவில் சிறப்பு அனுமதி கேட்கலாம், உச்ச நீதிமன்றம் விரும்பினால் எடுத்துக்கொள்ளும்.

இதையே தலைகீழாக வைத்துப் பாருங்கள். கீழே விடுதலையான ஒருவரை உயர் நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லி ஆயுளோ தூக்கோ கொடுத்திருந்தால், அவர் உச்ச நீதிமன்றத்துக்கு உரிமையாகவே மேல்முறையீடு செய்யலாம், அனுமதி தேவையில்லை. அது சரியும்கூட, உயிரும் சுதந்திரமும் போகப் போகிறவர் அவர். ஆனால் எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு அதே படியில் பூஜ்யம் என்பது வடிவமைப்பில் இருக்கும் குறை. தண்டனை அளவு விஷயத்தில் இன்னும் மோசம். தண்டனை போதாது என்று மேல்முறையீடு செய்ய பாதிக்கப்பட்டவருக்கு உரிமையே இல்லை, அது அரசு மட்டும் செய்யக்கூடியது என்று 2020 ஆகஸ்டில் பர்விந்தர் கன்சால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தூக்கு ஆயுளானது எனக்கு வருத்தமில்லை, நான் தூக்குக்கு எதிரானவன். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும் உரிமைகூட கணவனை இழந்தவருக்கு அரசு மனசு வைத்தால்தான் என்பது வேறு விஷயம்.

இதில் ஒரு வேடிக்கை. 2025ல் உச்ச நீதிமன்றம், செக் பவுன்ஸ் வழக்கில் பணம் வராமல் போனவரும் "பாதிக்கப்பட்டவர்"தான், அவரும் 372ன் கீழ் மேல்முறையீடு செய்யலாம் என்று ஒரு சென்னை வழக்கில் தீர்ப்பளித்தது. திருப்பூர் வியாபாரிகளுக்கு இது பெரிய சேதி. நூல் கொடுத்துவிட்டு செக்கை வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் இந்த வட்டாரத்தில் தெருவுக்குப் பத்துப் பேர். எனக்கு அதில் ஆட்சேபமில்லை. அந்த வார்த்தையை நீதிமன்றங்கள் விரிக்க முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி, அவ்வளவுதான். அதே வார்த்தை எங்கே விரியாமல் நிற்குது என்பதுதான் அடுத்தது.

2024 ஜனவரியில் நடந்தது. தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்து வந்து திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு ஜோடி. பையன் பட்டியல் சாதி, பெண் இடைநிலைச் சாதி. 2023 கடைசி நாளில் இங்கேயே கல்யாணம். பெண் வீட்டார் புகார் கொடுக்க, பல்லடம் போலீஸ் பெண்ணைத் தகப்பனாரோடு அனுப்பி வைத்தது. அடுத்த நாளே சொந்த ஊரில் அந்தப் பெண் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார் என்பது வழக்கு. பெற்றோர் கைதானார்கள், இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். இத்தனைக்கும், சங்கர் கொலைக்குச் சரியாக ஒரு மாசம் கழித்து, 2016 ஏப்ரல் 13ல், உசிலம்பட்டிப் பெண் ஒருவரின் சாவு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சாதி மறுப்புத் திருமண ஜோடிகளைக் காப்பாற்ற மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வைக்கச் சொல்லியிருந்தது. அந்த உத்தரவுக்கும் பல்லடம் ஸ்டேஷனுக்கும் நடுவில் எட்டு வருஷம்.

இப்போ அந்தப் பெண்ணின் கொலையை மேலே சொன்ன நல்ல பிரிவுக்குள் வைத்துப் பாருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர் என்றால் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர், அவருடைய உறவினர், வாரிசு. சங்கர் கொல்லப்பட்டதால் கௌசல்யா அவருடைய மனைவி என்ற வகையில் உள்ளே வந்தார். கொல்லப்பட்டது பெண்ணாக இருந்து, அவர் பட்டியல் சாதி இல்லை என்றால், அவருடைய கொலை அந்தச் சட்டப்படி வன்கொடுமையே ஆகாது. சாதிக்காகத்தான் கொன்றார்கள், ஆனால் வன்கொடுமை இல்லை. 15ஏ இல்லை, முன்னறிவிப்பு இல்லை, ஐம்பது தடவை ஜாமீனை எதிர்க்கும் நாற்காலி இல்லை. கௌசல்யாவும் சங்கரும் வாங்கிய வெட்டு இடம் மாறியிருந்தால், சங்கர் மனைவியின் கொலைக்காக வராந்தாவில்தான் நின்றிருப்பார்.

பொதுச் சட்டத்தின் விளக்கத்தில் இன்னொரு சிக்கல். "பாதிக்கப்பட்டவர்" என்பதில் அவருடைய பாதுகாவலரும் சட்டப்படியான வாரிசும் அடக்கம். நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் கல்யாணம் ஆகாத பெண்ணைக் குடும்பமே கொன்றால், அவருக்கு வாரிசு யார்? அப்பாவும் அம்மாவும். கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவரே பாதிக்கப்பட்டவர் பட்டியலிலும் வந்து நிற்கிறார், அல்லது அவரைக் காப்பாற்ற நினைக்கும் மனைவி நிற்கிறார். அந்தப் பெண் யாருக்காக வீட்டை விட்டு வெளியே வந்தாரோ அந்தப் பையனுக்குச் சட்டத்தில் பேர் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956லேயே இதை யோசித்துவிட்டது. அதன் 25ஆம் பிரிவு, கொலை செய்தவர் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது. ஒரு ஏக்கர் தோட்டம் விஷயத்தில் யோசித்ததை உயிர் விஷயத்தில் யோசிக்கலை. 2024 ஜூலை 1ல் வந்த புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் விளக்கத்தைக் கொஞ்சம் விரித்திருக்கிறார்கள், குற்றச்சாட்டு பதிவாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வாரிசு முடிச்சை அப்படியே விட்டுவிட்டார்கள்.

புதுச் சட்டத்தைத் திட்ட மட்டும் செய்வது நியாயமில்லை. 193ஆம் பிரிவில், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்கோ தகவல் கொடுத்தவருக்கோ சொல்லணும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள், மின்னணு வழியிலும் சொல்லலாம். வழக்கை அரசு வாபஸ் வாங்கும் முன் பாதிக்கப்பட்டவரைக் கேட்கணும் என்று 360ல் வருது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் 90 நாளில் சொல்லாவிட்டால் என்ன என்பதற்கு எந்த விளைவும் எழுதலை. எங்க தொழிலில் அபராதம் இல்லாத சேவை ஒப்பந்தத்துக்கு யாரும் மதிப்புக் கொடுப்பதில்லை.

இப்படி எழுத்தில் இருக்கும் உரிமைகள் கைக்குச் சிக்காமல் இருக்க, தமிழ்நாட்டில் பாதிக்கப்பட்டவர்கள் கையில் வேறொரு உரிமை இருக்கு, அது எந்தப் பிரிவிலும் கிடையாது. உடலை வாங்க மறுப்பது. 2025 ஜூலை 27ல் பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் என்ற ஐ.டி. இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். காதலித்ததாகச் சொல்லப்பட்ட பெண்ணின் பெற்றோர் ரெண்டு பேருமே போலீஸ் எஸ்.ஐ. அவர்களைக் கைது செய்யும் வரை உடலை வாங்க மாட்டோம் என்று குடும்பம் உட்கார்ந்தது. பெண்ணின் தந்தை கைதானார், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. ஆகஸ்ட் 1ல் உடலை வாங்கினார்கள். பெற்ற பிள்ளையின் உடலை ஐந்து நாள் ஃப்ரீசரில் வைத்துப் பேரம் பேசணும் என்றால் அதைப் பார்த்து "அரசியல் பண்றாங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரலை. எஃப்.ஐ.ஆரில் யார் பேர் இருக்கணும், எந்த ஏஜென்சி விசாரிக்கணும் என்று கேட்க அவர்களுக்கு வேற எந்த ஜன்னலும் இல்லை. உடலை வைத்துப் போராடுவதையே குற்றமாக்கி 2023ல் ராஜஸ்தானில் ஒரு சட்டம் போட்டார்கள். ஜன்னலைத் திறக்காமல் அதில் கல் எறிபவனைப் பிடிக்கும் வேலை அது.

கவின் கொலைக்குப் பிறகுதான், 2025 அக்டோபரில், ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வு பெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். தனிச் சட்டம் என்றால் எல்லாரும் தண்டனை எத்தனை வருஷம் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கொலைக்கு ஏற்கெனவே தூக்கு வரைக்கும் இருக்கு, அதுக்கு மேல் ஏற்ற எதுவும் இல்லை. நான் பார்க்கப் போவது விளக்கங்கள் இருக்கும் முதல் ரெண்டு பக்கம். அதில் "பாதிக்கப்பட்டவர்" என்ற சொல்லுக்குக் கீழே, கொல்லப்பட்டவரின் சாதி எதுவாக இருந்தாலும், அவர் தேர்ந்தெடுத்த துணைக்கு, கல்யாணம் பதிவாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும், இடம் இருக்கா? குற்றம் சாட்டப்பட்ட குடும்பத்தார் அந்தப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டிருக்கிறார்களா? 15ஏ-வில் உள்ளதை அப்படியே அங்கே எடுத்து வைத்திருக்கிறார்களா? இவ்வளவும் அரைப் பக்கத்தில் எழுதிவிடக் கூடிய விஷயம்.